பிடில் பிடித்த தீட்சிதர் வீட்டுக் கடைக்குட்டி

நம்ம ஹாஸ்டல்ல ஃப்ளோருக்கு ஒரு கிடார் கண்டிப்பா இருக்கும். ரெண்டு நாள் யூடியூப் பார்த்துட்டு மூணாவது நாள் இளையராஜா பாட்டை அதுல தேட ஆரம்பிச்சுடுவோம். வெளிநாட்டு வாத்தியத்துல நம்ம பாட்டைத் தேடுற இந்த வேலையை 200 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு சின்னப் பையன் செஞ்சிருக்கான். கையில இருந்தது கிடார் இல்ல, வயலின். அவர்தான் பாலுசாமி தீட்சிதர்.

1786-ல் திருவாரூரில் பிறந்தவர். அப்பா ராமசாமி தீட்சிதர் பெரிய சாகித்யகர்த்தா. மூத்த அண்ணன், கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். இன்னொரு அண்ணன் சின்னசாமி. அது வீணையும் வாய்ப்பாட்டும் மூச்சா இருந்த வீடு. கடைக்குட்டியும் அதையேதான் கத்துக்கிட்டார்.

அந்தக் குடும்பம் திருவாரூரை விட்டு மணலிக்கு வந்தது. இன்னைக்கு மணலின்னா நமக்கு ரிஃபைனரிதான் ஞாபகம் வரும். அப்போ அது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷியா இருந்த முதலியார் குடும்பத்தோட ஊர். இப்போ திருவாரூர்லேர்ந்து கும்பகோணம், பண்ருட்டி வழியா நம்ம விக்கிரவாண்டியில ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சா ஒரே நாள்ல சென்னை போயிடலாம். அந்தக் காலத்துல அது எத்தனை நாள் பயணம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மணலி சின்னையா முதலியார், தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் ஐரோப்பியர்களோட பேண்ட் இசையைக் கேட்க வைப்பார். கேட்டதை அண்ணன் முத்துசாமி பாட்டாக்கினார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். நோட்டுஸ்வரம்னு சொல்றோமே, அதுதான். தம்பியோட கவனம் மெட்டுல நிக்கல, அதை வாசிச்ச கருவி மேல போச்சு. இதுல நம்ம ராகம் வருமா? அந்த ஆர்வத்தைப் பார்த்த முதலியார், ஒரு ஐரோப்பியக் கலைஞரிடம் வயலின் கத்துக்க ஏற்பாடு செஞ்சார். மூணு வருஷம் பாடம் நடந்தது.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். கொஞ்சம் இன்ஜினியரிங்கா பார்ப்போம். வீணையில் தந்தியை மீட்டினதும் ஒலி எழும்பி, உடனே தேய ஆரம்பிச்சுடும். வயலின்ல வில் தந்தியை உரசிக்கிட்டே இருக்கிறதால, ஆற்றல் விடாம உள்ளே போய்க்கிட்டே இருக்கு. அதனால பாடகரோட குரல் மாதிரியே ஒலி நீண்டு நிக்கும். அது மட்டும் இல்ல, கிடார்ல இருக்கிற மாதிரி வயலின்ல ஃப்ரெட் கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொண்ணுக்கு விரல் வழுக்கிக்கிட்டே போகலாம். நம்ம கமகத்துக்கு இதைவிட என்ன வேணும்?

ஆனா வாத்தியத்தை அப்படியே எடுத்துக்க முடியல. மேற்கில் நின்னுக்கிட்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவுல வெச்சு வாசிப்பாங்க. நம்ம வித்வான்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினோட தலைப்பகுதியை வலது கணுக்கால் மேல தாங்க வைக்கிறாங்க. இடது கை சுமை இல்லாம, தந்தி மேல தாராளமா ஓடும். தந்திகளோட சுருதியும் ச-ப-ச-ப ஆயிடுச்சு. இதெல்லாம் ஒரே ஆள் ஒரே நாள்ல செஞ்சதில்லை. தஞ்சாவூர் வராகப்பய்யர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு பேரையும் வயலின் வரலாற்றில் சேர்த்தேதான் சொல்லணும்.

கத்துக்கிட்ட வித்தை உடனே சோறு போட்டுடல. அப்பா 1817-ல் காலமானார். சின்னசாமியும் பாலுசாமியும் பிழைப்புக்காக மதுரைப் பக்கம் போனாங்க. அங்கே சின்னசாமியும் இறந்துட்டார். கூடவே வாசிச்ச அண்ணன் போனதும் பாலுசாமி மனசு உடைஞ்சு, ராமேஸ்வரம் பக்கம் யாத்திரை கிளம்பிட்டார். வாத்தியம் அதோட நின்னு போயிருக்கலாம். நிக்கல. எட்டயபுரம் அரசர் அவரை ஆதரிச்சு, சமஸ்தான வித்வானாக்கினார்.

தம்பிக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம முத்துசாமி தீட்சிதர் தேடிக்கிட்டு தெற்கே வந்தார். எட்டயபுரத்துல இருக்கார்னு தெரிஞ்சு அங்கே போய்ச் சேர்ந்தா, தம்பிக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துக்கிட்டு இருந்தது! கடைசிக் காலத்தில் முத்துசாமி தீட்சிதர் வாழ்ந்ததும், 1835 தீபாவளியன்று மறைந்ததும் அந்த ஊரில்தான்.

பாலுசாமி 1858 வரை வாழ்ந்தார். மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்தெடுத்து, குடும்பச் சொத்தான சங்கீதத்தைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பேரன் சுப்பராம தீட்சிதர்தான் 1904-ல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை எழுதியவர். முத்துசாமி தீட்சிதரின் 200-க்கும் மேற்பட்ட கிருதிகள் ஸ்வரக் குறிப்போட அச்சில் வந்தது அந்தப் புத்தகத்தில்தான்.

புதுசைத் தொட்டா பழசை விட்டுடுவாங்கன்னு வீட்டுல பயப்படுவாங்க இல்லையா? அந்நிய வாத்தியத்தைத் தொட்ட இந்தக் கடைக்குட்டி வழியாத்தான் அண்ணனோட பாட்டு நம்ம காலம் வரைக்கும் வந்திருக்கு. அடுத்த தடவை கச்சேரிக்குப் போனா, பாடகருக்குப் பக்கத்துல உட்கார்ந்து வயலின் வாசிக்கிறவரைக் கொஞ்சம் கவனிங்க நண்பர்களே. அந்த இடம் 200 வருஷத்துக்கு முன்னாடி காலியா இருந்தது.