ஜே. சி. குமரப்பா

ஜே. சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 – ஜனவரி 30, 1960) இந்தியப் பொருளியலாளர், காந்தியவாதி, விடுதலைப் போராட்ட வீரர். தமிழ்நாட்டின் தஞ்சாவூரில் பிறந்தவர். காந்தியின் பொருளாதாரக் கருத்துகளுக்கு முறையான கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். புல்லையும் வைக்கோலையும் தின்று உழவுக்கும் எருவுக்கும் பயன்படும் மாட்டை மையமாகக் கொண்ட ஊரகப் பொருளாதாரத்தை வலியுறுத்தினார். தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார்.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தந்தை சாலமன் துரைசாமி கர்னீலியஸ் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாய் எஸ்தர் ராஜநாயகம். பெற்றோர் இவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கர்னீலியஸ். பிற்காலத்தில் இவரும் உடன்பிறந்தாரும் தம் மூதாதையரின் பெயரான குமரப்பா என்பதை மீண்டும் ஏற்றனர். காந்தியவாதியும் எழுத்தாளருமான பாரதன் குமரப்பா இவருடைய இளவல் ஆவார். டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த ஜே. எம். குமரப்பா இவருடைய தமையனார்.

லண்டனில் கணக்காயர் கல்வி பெற்ற குமரப்பா, 1919 ஆம் ஆண்டில் இந்தியா திரும்பிப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்தார். மேனாட்டு உடையும் பழக்கவழக்கங்களும் கொண்ட, வசதியான வாழ்க்கையாக அது இருந்தது. பின்னர் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகம் பயின்று 1928 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதனைத் தொடர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் அறிஞர் எட்வின் செலிக்மனிடம் பயின்றார். இந்தியா ஏன் வறுமையில் உள்ளது என்பது பற்றி அங்கு இவர் ஆற்றிய உரை செலிக்மனின் கவனத்தை ஈர்த்தது. அவருடைய தூண்டுதலால் ஆங்கிலேய ஆட்சியின் பொதுநிதிக் கொள்கை இந்தியாவை எவ்வாறு வறுமைப்படுத்தியது என்பதை இவர் ஆராய்ந்தார். இவ்வாய்வே இவரைத் தேசிய இயக்கத்தின் பக்கம் திருப்பியது.

காந்தியுடன் சந்திப்பு

தம் ஆய்வை நூலாக வெளியிட எண்ணிய குமரப்பா, 1929 ஆம் ஆண்டு மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். குறித்த நேரத்துக்கு முன்பே சென்றுவிட்டதால் ஆசிரமத்தைச் சுற்றி நடந்தார். சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு நின்றார். அவரே காந்தி என்பது சிறிது நேரம் கழித்துத்தான் இவருக்குத் தெரிந்தது. மேனாட்டு உடையில் இருந்த குமரப்பா அதே தரையில் அமர்ந்து பேசினார். காந்தி இவருடைய ஆய்வைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட்டதுடன், குசராத்தில் ஒரு கிராமப் பொருளாதார ஆய்வை மேற்கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டார்.

குசராத்து வித்தியாபீடத்தில் பேராசிரியராகச் சேர்ந்த குமரப்பா, மாணவர்களின் துணையுடன் கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஆராய்ந்தார். வீடுவீடாகக் கணக்கெடுத்து எழுதப்பட்ட அந்த அறிக்கை 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் யங் இந்தியா இதழைக் கவனித்துக்கொண்டமைக்காகச் சிறை சென்றார். 1934 ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தின்போது இராசேந்திர பிரசாத்தின் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்கு நிதிக் கணக்குகளைப் பொறுப்பேற்றார். காந்தியின் குழுவினருக்கான செலவைக்கூட நிவாரண நிதியிலிருந்து கொடுக்க மறுத்தார். காந்தி அதனை ஏற்றுக்கொண்டார்.

கிராமக் கைத்தொழில் சங்கம்

1934 டிசம்பரில் வார்தாவில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளரானார். சங்கத்தின் தலைமையிடமான மகன்வாடியில் கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம், தாள், தேனீ வளர்ப்பு, தோல் பதனிடல் முதலிய தொழில்களில் ஆய்வும் பயிற்சியும் நடைபெற்றன. கிராம உத்தியோக் பத்திரிகா என்னும் மாத இதழையும் குமரப்பா நடத்தினார்.

சங்கத்தின் பணிகள் பல மாட்டோடு தொடர்புடையவை. காளை பூட்டி ஆட்டும் மரச்செக்கு மகன்வாடியில் மேம்படுத்தப்பட்டது. செக்கில் ஆட்டினால் எண்ணெயுடன் பிண்ணாக்கும் ஊரிலேயே தங்கும். அது ஊர் மாடுகளுக்குத் தீவனமாகும். மாட்டின் சாணம் நிலத்துக்குத் திரும்பும். எண்ணெய் வித்து ஆலைக்குச் சென்றுவிட்டால் காளைக்கு வேலையும் போகும், தீவனமும் போகும். அருகிலிருந்த நால்வாடியில் இயற்கையாக இறந்த மாடுகளின் தோலைப் பதனிடும் பணி நடைபெற்றது. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் உருவாக்கப்பட்டது.

வார்தா பகுதி, கவுலாவ் என்னும் நாட்டு மாட்டினத்தின் தாயகமாகும். 1941 ஆம் ஆண்டில் ஜம்னாலால் பஜாஜ் அங்கு கோசேவைப் பணியை ஏற்றார். இச்சூழலில் வாழ்ந்த குமரப்பாவின் சிந்தனையில் மாடு சமயச் சின்னமாக மட்டுமின்றி, பொருளாதாரத்தின் அச்சாணியாகவும் இடம்பெற்றது.

பொருளாதாரக் கோட்பாடு

1942 ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் சிறைப்பட்ட குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை எழுதினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. மற்றொன்று, நிலைத்த பொருளாதாரம் எனப் பொருள்படும் எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ். இந்நூலில் இவர் இயற்கையில் ஐந்து வகைப் பொருளாதாரங்களைக் காட்டினார். அவை பின்வருமாறு:

- ஒட்டுண்ணிப் பொருளாதாரம்: ஆட்டைக் கொன்று தின்னும் புலி.
- பறிப்புப் பொருளாதாரம்: தான் வளர்க்காத தோப்பில் கனி பறிக்கும் குரங்கு.
- முயற்சிப் பொருளாதாரம்: தன் உழைப்பால் கூடு கட்டும் பறவை.
- கூட்டுப் பொருளாதாரம்: தன் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ.
- தொண்டுப் பொருளாதாரம்: கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை.

வளங்களை இவர் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை தேக்க வளங்கள். எடுக்க எடுக்கக் குறைபவை. ஆண்டுதோறும் தழைக்கும் புல், மரம், பயிர் போன்றவை ஓட்ட வளங்கள். முறையாகப் பயன்படுத்தினால் தீராதவை. தேக்க வளங்களை நம்பும் நாடுகள் அவற்றுக்காகப் போட்டியிட்டுப் போரில் முடியும் என்பது இவர் கணிப்பு.

மாடும் உழுபொறியும்

டிராக்டர் பற்றிய குமரப்பாவின் நிலைப்பாடு இப்பிரிவினையிலிருந்து பிறந்தது. டிராக்டர் தேக்க வளத்தை எரிக்கிறது. காளை ஓட்ட வளமாகிய புல்லையும் வைக்கோலையும் தின்கிறது. மனிதன் உண்ண இயலாத தாளையும் சருகையும் மாடு உழைப்பாகவும் பாலாகவும் எருவாகவும் மாற்றித் தருகிறது. டிராக்டர் சாணம் இடுவதில்லை. எனவே டிராக்டர் வந்த நிலத்துக்கு வேதியுரமும் விலைக்கு வாங்கப்பட வேண்டும். இவ்வாறு உழவன் இரு பொருள்களுக்கு வெளியாரை நம்ப வேண்டியவனாகிறான் என இவர் வாதிட்டார். பசுவைப் பற்றிய இவருடைய கட்டுரைகள் தனி நூலாகவும் வெளிவந்துள்ளன.

பசுவதை பற்றியும் குமரப்பாவின் கருத்து வேறுபட்டதாக இருந்தது. பசுவைக் காத்தல் என்பது ஒரு விலங்கின் உயிரைக் காப்பதுடன் முடிவதன்று. பசுவைச் சார்ந்த வாழ்க்கை முறையைக் காப்பதாகும் என்றார். உழவிலிருந்தும் செக்கிலிருந்தும் வண்டியிலிருந்தும் காளையை விலக்குபவர், கையில் கத்தி எடுக்காவிட்டாலும் மாட்டின் அழிவில் பங்கு கொள்கிறார் என்பது இவர் வாதத்தின் சாரம். வேலையிழந்த மாடு அடிமாடாகச் சந்தைக்குச் செல்வதைச் சட்டம் மட்டுமே நிறுத்திவிட இயலாது என்பது இதிலிருந்து பெறப்படும்.

நிலச் சீர்திருத்தக் குழு

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைமை தாங்கினார். 1949 ஆம் ஆண்டில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை குமரப்பா குழு அறிக்கை என வழங்கப்படுகிறது. இடைத்தரகர் முறையை ஒழித்தல், உழுபவருக்கே நிலம் அளித்தல், நில உடைமைக்கு உச்சவரம்பு விதித்தல் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது.

ஒரு குடும்பத்துக்குப் போதுமான நிலத்தைக் குழு ஏக்கர்க் கணக்கில் வரையறுக்கவில்லை. உழவனுக்கு நியாயமான வாழ்க்கைத் தரத்தைத் தருவதும், ஒரு குடும்பத்துக்கும் குறைந்தது ஓர் ஏர்மாட்டு இணைக்கும் முழு வேலை தருவதுமான நிலமே போதுமான நிலம் எனக் கொண்டது. வட்டாரத்துக்கு வட்டாரம் மண்ணும் நீரும் வேறுபடுவதால் அளவும் வேறுபடும். உச்சவரம்பு இதைப்போல் மூன்று மடங்காக இருக்கலாம் என்றது. பிற்கால நில உச்சவரம்புச் சட்டங்களுக்கு இவ்வறிக்கை ஒரு முன்னோடி. ஆயினும் அதன் பரிந்துரைகள் முழுமையாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. பெருந்தொழிலை முதன்மைப்படுத்திய திட்டமிடலைக் கடுமையாக விமர்சித்த குமரப்பா, படிப்படியாக அதிகார வட்டத்திலிருந்து விலகினார். 1951 ஆம் ஆண்டில் சீனா சென்று அங்கு நடந்த நிலச் சீர்திருத்தத்தை நேரில் கண்டு எழுதினார்.

கல்லுப்பட்டி வாழ்க்கை

உடல்நலம் குன்றிய நிலையில் குமரப்பா 1950களில் தே. கல்லுப்பட்டிக்கு வந்தார். இவ்வூர் மதுரைக்குத் தென்மேற்கே திருமங்கலம் – இராசபாளையம் சாலையில் அமைந்துள்ளது. இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமம் காந்தியத் தொண்டரான கோ. வெங்கடாசலபதியால் 1940 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஆசிரமத்தில் ஓர் எளிய குடிலில் குமரப்பா வாழ்ந்தார். அங்கு காந்தியின் படத்துடன் ஓர் ஏழை உழவரின் படமும் இருந்தது. முன்னவரைத் தம் ஆசான் என்றும் பின்னவரைத் தம் ஆசானின் ஆசான் என்றும் இவர் அறிமுகப்படுத்துவது வழக்கம் என்பர். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கல்லுப்பட்டி வட்டாரம் மானாவாரி வேளாண்மை மிகுந்த கரிசல் நிலமாகும். மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி மாவட்டங்களை உள்ளடக்கிய இச்சமவெளியில் புலிக்குளம் மாடு என்னும் நாட்டினம் வளர்க்கப்படுகிறது. கிடை மாடு எனவும் இது வழங்கும். இம்மாடுகள் தொழுவத்தில் கட்டி வளர்க்கப்படுவதில்லை. பகலில் மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்து, இரவில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை அடைக்கப்படுகின்றன. சாணமும் கோமியமும் அங்கேயே நிலத்தில் சேர்கின்றன. அதற்கு ஈடாக நிலத்துக்காரர் கீதாரிகளுக்குத் தானியமோ பணமோ கொடுப்பர். பசுக்கள் குறைவாகவே பால் தரும். காளைகள் உழவுக்கும் சல்லிக்கட்டுக்கும் பெயர்பெற்றவை. குமரப்பா விளக்கிய ஓட்ட வளப் பொருளாதாரத்துக்கு இக்கிடை முறை கண்கூடான சான்றாகும்.

மறைவு

1960 ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று குமரப்பா தம் 68 ஆவது அகவையில் காலமானார். அது காந்தியின் பன்னிரண்டாவது நினைவு நாள்.

விமர்சனமும் தாக்கமும்

பெருகும் மக்கள்தொகைக்குப் போதிய உணவைக் காளையும் தொழுவுரமும் கொண்டு விளைவிக்க இயலாது என்பது குமரப்பாவின் கருத்துகள் மீதான முதன்மையான விமர்சனம். 1960களின் பசுமைப் புரட்சியும், 1970 ஆம் ஆண்டில் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும் இவர் காட்டிய வழிக்கு நேர்மாறான திசையில் சென்று விளைச்சலையும் பால் உற்பத்தியையும் பெருக்கின. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்கள் பரவின. அதே வேளையில் உழவிலிருந்து காளைகள் விலக்கப்பட்டன. மேய்ச்சல் நிலங்கள் சுருங்கின. நாட்டு மாட்டினங்கள் பல எண்ணிக்கையில் குறைந்தன. புலிக்குளம் மாடும் அவற்றுள் ஒன்று. வேலை இல்லாத காளைக்கு வாழ்வும் இல்லை என்ற அளவில் குமரப்பாவின் எச்சரிக்கை மெய்ப்பட்டது எனலாம்.

ஈ. எஃப். ஷூமாக்கர் பௌத்தப் பொருளியல் பற்றிய தம் கட்டுரையில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டுள்ளார். அக்கட்டுரை 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல் நூலில் இடம்பெற்றுள்ளது. வரலாற்றாளர் இராமச்சந்திர குகா இவரைப் பசுமைக் காந்தியர் எனக் குறிப்பிட்டுக் கட்டுரை எழுதியுள்ளார். வேணு மாதவ் கோவிந்து, தீபக் மல்கான் ஆகியோர் எழுதிய இவருடைய வாழ்க்கை வரலாறு 2016 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜெய்ப்பூரில் இவர் பெயரால் குமரப்பா கிராம சுவராச்சியக் கழகம் நிறுவப்பட்டது.

முதன்மையான எழுத்துகள்

- பொதுநிதியும் இந்திய வறுமையும் பற்றிய ஆய்வு
- மாதர் வட்டப் பொருளாதார ஆய்வு (1931)
- கிராம இயக்கம் ஏன்? (1936)
- நிலைத்த பொருளாதாரம் (1945)
- இயேசுவின் நடைமுறையும் போதனைகளும் (1945)
- நம் பொருளாதாரத்தில் பசு