உத்தியோகத்தில் உத்தமர்: அர்ச். தாமஸ் மோர்

மேஜைமேல் குவிந்த பைல்களைக் கண்டு நீங்களும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். இத்தனை வேலைக்கு நடுவில் முன்னேறுவது எப்படி, நேர்மையாய் இருப்பதுதான் எப்படி என்று அலுத்துக்கொண்டும் இருப்பீர்கள். அப்படியானால் அர்ச். தாமஸ் மோருடைய சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள்.

இவர் 1478-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தபின், 1496-ல் லிங்கன்ஸ் இன் என்ற சட்டக் கழகத்தில் சேர்ந்து வக்கீலானார். தாம் கற்ற சட்டத்தைப் பிறருக்கும் போதித்தார். 1510-ல் லண்டன் நகரின் உதவி ஷெரீப் ஆகி, வழக்குகளை விசாரிக்கலானார். பகலெல்லாம் கோர்ட்டு வேலை. வீடு திரும்பினால் மனைவி, மக்கள், வேலைக்காரர். இவர்களோடு பேசுவதையும் அவர் தம் கடமைகளில் ஒன்றாகவே எண்ணினார். ஊணிலும் உறக்கத்திலும் மிச்சம் பிடித்த நேரத்தில் எழுதியதுதான் 1516-ல் வெளிவந்த 'உடோப்பியா' என்னும் புகழ்பெற்ற நூல்.

1529-ல் எட்டாம் ஹென்றி அரசர் அவரை லார்டு சான்சலராக்கினார். அரசருக்கு அடுத்தபடியான பதவி! அந்த நீதிமன்றத்திலோ பல ஆண்டு வழக்குகள் தேங்கிக் கிடந்தன. மோர் என்ன செய்தார் தெரியுமா? பிற்பகல்தோறும் தம் வீட்டுக் கூடத்தைத் திறந்துவைத்து, ஏழை எளியவரும் அச்சமின்றி வந்து முறையிடச் செய்தார். ஒவ்வொரு மனுவையும் தாமே படித்தார். நியாயம் இருந்தால் கையொப்பம் இட்டார். இல்லாவிட்டால் அப்போதே தள்ளினார். ஒருநாள் அடுத்த வழக்கை அழைக்கச் சொன்னபோது, விசாரிக்க வழக்கே மீதியில்லை என்று பதில் வந்ததாம்!

முந்திய சான்சலரின் வாயிற்காவலருக்குக்கூட நல்ல வரும்படி இருந்ததே, தமக்கு ஒன்றுமில்லையே என்று ஒரு மருமகன் குறைப்பட்டார். மோர் அசையவில்லை. ஒருபுறம் தம் தகப்பனாரும் மறுபுறம் பசாசும் நின்றாலும், நியாயம் பசாசின் பக்கம் இருந்தால் அதற்கே தீர்ப்பளிப்பதாகச் சொல்லிவிட்டார். வேறொரு மருமகனின் வழக்கில் அவருக்கு எதிராகவே தீர்ப்பும் கூறினார்.

அவருடைய தடையுத்தரவுகளைப் பற்றி மற்ற நீதிபதிகள் முணுமுணுத்தார்கள். மோர் கோபிக்கவில்லை. அவர்களை விருந்துக்கு அழைத்தார். அதற்குமுன் எழுத்தரைக்கொண்டு எல்லா உத்தரவுகளுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை விளக்கினார். அந்த இடத்தில் தாங்களும் அப்படியே செய்திருப்போம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

வாசகரே, இதில் நமக்குப் பாடம் உண்டு. இன்றைய காகிதத்தை இன்றே பாருங்கள். முடியாததை முடியாது என்று உடனே சொல்லிவிடுங்கள். காத்திருப்பவருக்கு அதுவும் ஓர் உதவியே. செய்ததற்குக் கணக்கு வைத்திருங்கள். குறை சொல்கிறவரிடம் சண்டைக்குப் போகாமல் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று. 1532 மே 15-ல் இங்கிலாந்தின் குருகுலம் அரசருக்குப் பணிந்தது. மறுநாளே மோர் பதவியைத் துறந்தார். வருமானம் குறைந்தது, வீட்டுச் செலவைச் சுருக்கினார். 1534-ல் சிறைப்பட்ட அவர், திருச்சபைக்கு அரசரே தலைவர் என்று ஏற்க மறுத்ததால் 1535 ஜூலை 6-ல் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். 1935-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

நாற்காலியில் இருந்தவரை முழு மனதோடு உழைத்தார். மனச்சாட்சி எழுந்திரு என்றதும் எழுந்துவிட்டார். நாளை காலை உங்கள் மேஜைமுன் உட்காரும்போது இவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.