வரதா பாய்: ‘நாயகன்’ படம் சொல்லாத சாராயக் கணக்கு

நாசிக் ஒயின் பற்றி உங்க ஃபீடில் எத்தனை ரிவ்யூ வந்திருக்கும்? செனின் பிளாங்கில் கொய்யா வாசம் வருதா, ஷிராஸில் மிளகுக் காரம் தெரியுதா என்று நியூஸ்லெட்டர் போட்டு விவாதிக்கிறார்கள். அதே மகாராஷ்டிராவில், மும்பையின் சதுப்பு நிலத்தில், அரை நூற்றாண்டுக்கு முன்பு வேறொரு ‘வட்டாரச் சரக்கு’ ஓடியது. அதற்கு யாரும் மார்க் போடவில்லை. குடித்தவர் மறுநாள் காலை கண் விழித்தாரா என்பதுதான் ஒரே ரிவ்யூ. அந்த வியாபாரத்தின் பெரிய பெயர் ஒரு தமிழர்: வரதராஜன் முனுசாமி முதலியார். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் ‘வரதா பாய்’.

‘நாயகன்’ வேலு நாயக்கரின் மூலம் இவர்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடத்தல்காரராகத்தான் நாம் அவரை ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் முதலில் காசு பார்த்தது கள்ளச்சாராயத்தில். அதைப் புரிந்துகொள்ள, ஆளை விட்டுவிட்டு முதலில் சட்டத்தைப் பார்க்கணும்.

1926-ல் பிறந்த வரதராஜன், பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து விக்டோரியா டெர்மினஸில் (இன்றைய சி.எஸ்.எம்.டி.) போர்ட்டராக மூட்டை தூக்கினார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் பிஸ்மில்லா ஷா பாபா தர்காவில் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவது அவர் வழக்கம். கையில் பெரிய பணம் புரண்ட பிறகும் அதை விடவில்லை.

அந்தக் காலத்தில்தான் பம்பாய் மாகாணம் மதுவை மூடியது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-ல் வந்தது. 1950-லிருந்து முழு மதுவிலக்கு. உள்துறையைக் கையில் வைத்திருந்த மொரார்ஜி தேசாய் இதில் ரொம்பக் கறார். வசதியானவர்களுக்கு ‘உடல்நலத்துக்காக’ பர்மிட் வாங்கும் வழி இருந்தது. மில் தொழிலாளிக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அந்த வழி இல்லை. நகரத்தில் ‘ஆன்ட்டி’ வீடுகள் முளைத்தன: கோவாவைச் சேர்ந்த பெண்கள் பலர் வீட்டு முன்னறையிலேயே ரகசியமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்த வீடுகளுக்குச் சரக்கு வேண்டுமே?

இப்போ மேப்பைத் திறந்து பாருங்கள். தாராவிக்கு வடக்கே மாஹிம் சிற்றோடை. கிழக்கே ஆன்டாப் ஹில், அதைத் தாண்டி உப்பளம், செம்பூர்ப் பக்கம் போகும் சதுப்பு. அலையாத்திக் காடு மறைப்புக்கு ஆச்சு. சேற்றில் ஜீப் இறங்காது. கறுப்பு வெல்லமும் நவச்சாரமும் போட்டு டிரம்மில் ஊறல் வைப்பார்கள். புளித்ததும் அடுப்பேற்றி வடிப்பார்கள். வடித்ததை டயர் டியூபில் நிரப்பி நகரத்துக்குள் கொண்டுபோவார்கள். பாட்டில் உடையும், சத்தம் போடும். டியூப் இரண்டும் செய்யாது. லாஜிஸ்டிக்ஸ் என்று பார்த்தால் கெட்டிக்கார ஏற்பாடுதான்.

இந்தச் சங்கிலிக்கு ஆள் வேணும். திருநெல்வேலியிலிருந்தும் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வந்து தோல் பதனிடும் வேலையிலும் கூலி வேலையிலும் இருந்த தமிழர்கள் தாராவி முழுக்க இருந்தார்கள். ஊறல் வைக்க, காவல் பார்க்க, டியூப் சுமக்க வரதராஜனுக்குக் கிடைத்தது இந்தக் கைகள். சிறை போவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

அறுபதுகளில் மகாராஷ்டிரா மதுவிலக்கைத் தளர்த்தத் தொடங்கியது. எழுபதுகளில் லைசென்ஸ் பெற்ற நாட்டுச் சாராயக் கடைகளே வந்தன. அதோடு வரதராஜனின் கதை முடிந்திருக்கணும் இல்லையா? முடியவில்லை. சட்டப்படி விற்ற சரக்கில் வரி ஏறியது. கள்ளச்சாராயம் அதைவிட மலிவு. தினக்கூலிக்காரர் மலிவானதைத்தான் வாங்கினார்.

துறைமுகச் சரக்குத் திருட்டு, கடத்தல், அடிதடி எல்லாம் இதற்கு மேல் ஏறிய மாடிகள். ஹாஜி மஸ்தான், கரீம் லாலா, வரதராஜன் என்று மூன்று பெயர்களைச் சேர்த்தே சொல்லும் காலம் வந்தது.

அவர் ஏன் சிலருக்குத் தலைவராகத் தெரிந்தார் என்பதையும் பார்க்கணும். 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள். ‘மதராசி’ என்று விரட்டப்பட்ட காலத்தில், தமிழில் பேசி நியாயம் கேட்க ஓர் ஆள் இருந்தார் என்பது சின்ன விஷயமில்லை. குடும்பத் தகராறு, குடிசைத் தகராறு, வாடகைப் பாக்கி என்று கோர்ட்டுக்குப் போகாத பஞ்சாயத்துகள் அவரிடம் வந்தன. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட கணபதிப் பந்தல் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் சதுப்பில் வடித்த சரக்கைக் குடித்ததும் பெரும்பாலும் இதே ஏழை ஜனங்கள்தான். அன்னதானத்தையும் சாராயத்தையும் தனித்தனிக் கணக்காக எழுத எனக்கு மனசு வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒய்.சி. பவார் என்ற போலீஸ் அதிகாரி அவர் பகுதியைக் குறிவைத்தார். அடுப்புகள் உடைந்தன, ஆட்கள் உள்ளே போனார்கள், மாட்டுங்கா பந்தலும் சுருங்கியது. வரதராஜன் மும்பையை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்.

1987 தீபாவளிக்கு மணிரத்னத்தின் ‘நாயகன்’ ரிலீஸ் ஆனது. தோட்டா தரணி சென்னையில் ஒரு தாராவியையே செட்டாகப் போட்டார். கமல்ஹாசனுக்குத் தேசிய விருது கிடைத்தது. அப்போது வரதராஜன் அதே சென்னையில் உயிரோடு இருந்தார்! இரண்டரை மாதம் கழித்து, 1988 ஜனவரி 2-ம் தேதி, மாரடைப்பில் இறந்தார். ஹாஜி மஸ்தான் தனி விமானம் பிடித்து உடலை மும்பைக்குக் கொண்டுவந்தார். இறுதி ஊர்வலத்தில் பெரும் கூட்டம்.

அடுப்பு அவரோடு அணையவில்லை. 2015 ஜூனில் மும்பை மால்வணியில் கள்ளச்சாராயம் குடித்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் நம்ம கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல். இரண்டிலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்கான இந்த ரசாயனம் சாராயத்தைவிட மலிவு, அதனால் கலக்கிறார்கள். உடம்பில் இது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். பார்வை மங்குவது அதனால்தான். நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.

1949 சட்டம் இன்னும் இருக்கிறது, ‘மகாராஷ்டிரா மதுவிலக்குச் சட்டம்’ என்ற பெயரில். மும்பை பார் வாசலில் ‘பர்மிட் ரூம்’ என்று எழுதியிருப்பது அதன் மிச்சம்தான். இதே மாநில அரசு 2001-ல் திராட்சை ஒயினை வளர்க்கத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அடுத்த முறை நாசிக் போய் டேஸ்டிங் டிக்கெட் எடுக்கும்போது கவனியுங்கள்: சட்டப்படி உங்கள் கையிலும் ஒரு பர்மிட் இருக்கணும்.