சொற்களை எண்ணிய கவிஞர்

நுழையும்முன்

ஒரு கவிஞர் எந்தச் சொல்லை எத்தனை முறை கையாண்டார் என்பதை இன்று கணினி நொடிப்பொழுதில் கூறிவிடுகிறது. இவ்வாறு கணினியின் துணைகொண்டு இலக்கியத்தையும் மொழியையும் வரலாற்றையும் ஆராயும் துறை எண்ணிம மானுடவியல் எனப்படுகிறது. கணினி பரவலாவதற்கு முன்பே அதற்கு வழி அமைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கவிஞரும் பேராசிரியருமான ஜோசபின் மைல்ஸ்.

இளமையும் கல்வியும்

ஜோசபின் மைல்ஸ் 1911ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே முடக்குவாதம் அவரைப் பற்றியது. மகளின் உடல்நலம் கருதிக் குடும்பத்தினர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தனர். நடப்பதும் கையால் எழுதுவதும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் கடினமாகவே இருந்தன. எனினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. 1938இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1940இல் அங்கேயே ஆசிரியப் பணியில் சேர்ந்தார். உதவியாளர்கள் அவரை வகுப்பறைக்குத் தூக்கிச் செல்வர். 1947இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் நிரந்தரப் பணி பெற்ற முதல் பெண் என்னும் சிறப்பை எய்தினார்.

எண்ணிக்கைவழி ஆய்வு

ஒரு கவிதையைத் தனியே எடுத்து நுணுகிக் கற்பதே அக்காலத் திறனாய்வில் செல்வாக்குப் பெற்றிருந்தது. மைல்ஸோ பல கவிஞர்களை ஒருசேர நோக்கினார். பெயர், வினை, பெயரடை ஆகியவை ஒவ்வொருவரிடமும் எவ்வளவு பயில்கின்றன என எண்ணி அட்டவணைப்படுத்தினார். 1640கள், 1740கள், 1840கள், 1940கள் ஆகிய காலங்களின் கவிதைகளை ஒப்பிட்டார். பெயரடை மிகுந்த நடை ஒரு காலத்திலும் வினை மிகுந்த நடை வேறொரு காலத்திலும் ஓங்குவதைக் கண்டுணர்த்தினார்.

பெட்டிகளும் துளை அட்டைகளும்

அவருடைய துறையின் மூத்த பேராசிரியரான கை மாண்ட்கமரி, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடனின் கவிதைகளுக்குச் சொல்லடைவு தொகுத்துவந்தார். ஒவ்வொரு சொல்லையும் அகரவரிசையில் நிறுத்தி, அது வரும் பாடலையும் அடி எண்ணையும் சுட்டுவது சொல்லடைவு. 1951இல் அவர் மறைந்தபோது, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்பட்டைகள் 63 காலணிப் பெட்டிகளில் எஞ்சியிருந்தன. முடிவு பெறாத அப்பணி மைல்ஸிடம் வந்தது.

கையால் முடிப்பது அரிது என உணர்ந்த அவர், ஐ.பி.எம். எந்திரங்களை நாடினார். சொல்லும் அதன் இடமும் அட்டைகளில் துளைகளாகப் பதிக்கப்பட்டன. எந்திரம் அவற்றை வரிசைப்படுத்தியது. அட்டைகளைச் சரிபார்த்துப் பிழை களைந்தவர்கள் மனிதர்களே. மேரி ஜாக்மன், ஹெலன் அகோவா என்னும் இரு பெண்கள் இவ்வுழைப்பில் துணைநின்றனர். 1957இல் சொல்லடைவு நூலாக வெளிவந்தது. பதிப்பாசிரியராக மாண்ட்கமரியின் பெயரும் துணைசெய்தோராக அவ்விருவரின் பெயர்களும் இடம்பெற்றன. பணியை நடத்தி முடித்த மைல்ஸின் பெயர் முன்னுரை எழுதியவர் என்ற அளவிலேயே நின்றது.

இத்தாலியத் துறவி ராபர்ட்டோ பூசா 1949இல் ஐ.பி.எம். துணையை நாடித் தொடங்கிய பெரும் சொல்லடைவு, 1974 முதலே நூல் தொகுதிகளாக வெளிவந்தது. எனினும் இத்துறையின் முன்னோடி என நெடுங்காலம் போற்றப்பட்டவர் பூசாவே. மைல்ஸின் பங்கு அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது.

ஆசிரியப் பணி

மைல்ஸ் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பதைச் சிறுமையாகக் கருதவில்லை. ஒரு வாக்கியத்தின் பயனிலையே அதன் கருத்தைத் தாங்குகிறது. கட்டுரையும் அவ்வாறே கட்டப்பட வேண்டும் எனப் பயிற்றுவித்தார். பிற துறைகளின் ஆசிரியர்களும் மாணவர்களின் எழுத்தைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று முயன்றார். பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் ஏ. ஆர். அம்மன்ஸ் அவரிடம் பயின்றவரே.

1978இல் ஓய்வு பெற்ற மைல்ஸ், 1985இல் மறைந்தார். இன்று ஓலைச்சுவடிகளை மின்வடிவாக்குவோரும் சொற்றொகுதிகளை உருவாக்குவோரும் அவர் எதிர்கொண்ட பணியையே தொடர்கின்றனர். எண்ணும் வேலையை எந்திரம் ஏற்கும். எதை எண்ணுவது, எதற்காக எண்ணுவது, கிடைத்த எண் உணர்த்தும் பொருள் யாது என்பவற்றைத் தெளிய இலக்கியம் கற்ற மனமே வேண்டும்.