இப்போலித் பெர்னைம்

இப்போலித் பெர்னைம் (ஏப்ரல் 17, 1840 – 1919) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர். நான்சி பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். மனோவசியம், ஹிப்னாட்டிசம் என்றெல்லாம் தமிழில் வழங்கப்படும் அறிதுயிலை மருத்துவமனைச் சிகிச்சையில் இடம்பெறச் செய்தவர்களுள் இவர் ஒருவர். அறிதுயில் வியத்தகு ஆற்றல் அன்று, சிகிச்சைக்குத் துணைபுரியும் ஒரு வழியே என்பது இவரது நிலைப்பாடு.

வாழ்க்கை

பெர்னைம் அல்சாசு பகுதியிலுள்ள முலூசு நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இசுட்ராசுபூர்க்கில் மருத்துவம் பயின்று 1867 இல் பட்டம் பெற்றார். 1871 இல் அல்சாசு செருமனியின் வசமானதும், பிரான்சிலேயே இருக்க விரும்பி நான்சி நகருக்குக் குடிபெயர்ந்தார்.

நான்சியில் லியேபோ என்னும் மருத்துவர் ஏழைகளுக்கு அறிதுயில் மூலம் இலவசமாகச் சிகிச்சை அளித்து வந்தார். அவர் 1866 இல் வெளியிட்ட நூலை எவரும் பொருட்படுத்தவில்லை. சக மருத்துவர்கள் அவரைப் போலி மருத்துவராகவே கருதினர். பெர்னைம் 1882 இல் ஐயத்துடனேயே அவரைக் காணச் சென்றார். கண்டவற்றைத் தம் மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தபின், பேராசிரியர் என்ற தம் மதிப்பையும் பொருட்படுத்தாது லியேபோவின் பக்கம் நின்றார்.

பெர்னைமின் முறை எளிமையானது. கண்ணிமைகள் கனக்கின்றன, உறக்கம் வருகிறது என்று நோயாளியிடம் அமைதியாகச் சொல்வார். பின்னர் வலியுள்ள இடத்தில் கைவைத்து வலி குறைகிறது என்பார். இதனைக் கருத்தேற்றம் என்பர். பணிந்து பழகிய முன்னாள் படைவீரர்களிடமும் தொழிலாளரிடமும் இது எளிதில் பலித்ததை அவரே பதிவு செய்துள்ளார். கருத்தேற்றம் கிருமிகளைக் கொல்லாது, இரைப்பைப் புண்ணை ஆற்றாது என்றும் தெளிவாகக் கூறினார்.

ஷார்க்கோவுடன் கருத்து மோதல்

அக்காலத்தில் நரம்பியலில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் பாரிசின் சல்பெட்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ஷார்க்கோ. அறிதுயில் இசுட்டீரியா நோயாளிகளிடம் மட்டுமே தோன்றும் நோய்நிலை என்றும், அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு என்றும் அவர் கூறினார். பெர்னைம் இதனை மறுத்தார். நலமுள்ளவர்களும் அறிதுயிலில் ஆழ்வர் என்றும், அந்த மூன்று கட்டங்கள் மருத்துவர்கள் அறியாமலேயே நோயாளிக்குக் கற்றுக்கொடுத்தவை என்றும் வாதிட்டார். அவர் பார்த்தவர்களுள் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் மூன்று கட்டங்களும் பிசகாமல் தோன்றின. அவர் சல்பெட்ரியேரில் மூன்றாண்டுகள் இருந்தவர்! 1893 இல் ஷார்க்கோ இறந்தபின் நான்சிப் பள்ளியின் கருத்தே நிலைபெற்றது.

உளவழிச் சிகிச்சை

விழித்திருக்கும் நோயாளியிடமும் கருத்தேற்றம் செயற்படும் என்பதைப் பெர்னைம் படிப்படியாக உணர்ந்தார். 1891 இல் வெளியான அவரது நூலின் தலைப்பிலேயே அறிதுயில், கருத்தேற்றம் ஆகியவற்றுடன் உளவழிச் சிகிச்சை என்ற சொல்லும் இடம்பெற்றது.

அவரது நூல்களைச் செருமன் மொழியில் பெயர்த்த சிக்மண்ட் பிராய்ட் 1889 இல் நான்சிக்கு வந்தார். அறிதுயிலில் நிகழ்ந்தவற்றை மறந்துவிட்டதாகக் கூறும் நோயாளியை, விழித்த நிலையிலேயே வற்புறுத்தி நினைவுகூரச் செய்ய முடியும் என்பதை அங்கே நேரில் கண்டார். பின்னாளில் பிராய்ட் அறிதுயிலைக் கைவிட்டு, நோயாளியை விழிப்பில் பேசவைக்கும் முறைக்கு மாற இது வழிகாட்டியது எனலாம். அறிதுயிலின் எச்சமாக அவரது அறையில் சாய்விருக்கை மட்டும் தங்கிவிட்டது.

பெர்னைம் ஓய்வுபெற்றபின் பாரிசில் வாழ்ந்து 1919 இல் காலமானார். இன்று அறிதுயில் பெரும்பாலும் தனிச் சிகிச்சையாக அன்றி, வலி, பதற்றம், குடல் எரிச்சல் நோய் போன்றவற்றில் பிற சிகிச்சைகளுடன் சேர்த்தே கையாளப்படுகிறது.