மகப்பேறு உதவிக்குப் பெயர் தந்தவர்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் பழக்கமானது. அவர் பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைத் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் தவணைகளாகக் கிடைக்கிறது. சத்தான உணவுக்கு மட்டுமல்ல, பேறுகாலத்தில் அவள் இழக்கும் கூலிக்கும் ஈடாகவே இந்த உதவி வகுக்கப்பட்டது. நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளிலும் உழைக்கும் பெண்களுக்கு அந்த இழப்பின் கனம் தெரியும். குழந்தை பிறந்த பிறகு கணவனின் ஷிப்டு மாறுவதில்லை. மனைவியின் வேலைதான் நின்றுபோகிறது. ஆண், பெண் வருமான இடைவெளி முதல் குழந்தையின் பிறப்பை ஒட்டியே பெரிதும் விரிகிறது என்பதைக் காட்டிய ஆய்வுகளுக்காக, 2023-இல் கிளாடியா கோல்டினுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

திட்டத்துக்குப் பெயர் தந்தவர் இந்தக் கணக்கை எப்படி எதிர்கொண்டார்?

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் ஆதரவோடு இடம் பெற்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். அக்காலப் பெண்களுக்கு அதன்பின் இரண்டு வழிகளே இருந்தன: திருமணம் செய்துகொண்டு தொழிலை விடுவது, அல்லது தொழிலுக்காகத் திருமணத்தையே விடுவது.

அவர் இரண்டையும் ஏற்கவில்லை. 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியைச் சாதி கடந்து மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே உறுதி பெற்றுக்கொண்டார். நகையும் நிலமும் பேசி முடிக்கப்படும் கல்யாணங்களுக்கு நடுவே, மணப்பெண்ணே தன் வேலையைப் பற்றி நிபந்தனை வைத்தது இன்றும் அரிது.

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரண்டு மகன்கள். இளையவர் பிறந்தது 1919-இல். பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிய உயர்பயிற்சிக்காக 1925-இல் அரசு முத்துலட்சுமியை லண்டனுக்கு அனுப்பியது. கணவரும் இரண்டு மகன்களும் உடன் சென்றனர். கணவனுக்கு வேலை மாறினால் மனைவி மூட்டை கட்டுவதுதான் நாம் அறிந்த வழக்கம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ்க் குடும்பம் அதைத் திருப்பிப் போட்டது. அவருடைய வாழ்க்கையில் பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் பயணமே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

திரும்பி வந்ததும், இந்திய மாதர் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்றுச் சென்னை சட்டமன்ற மேலவைக்குச் சென்றார். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்காக நல்ல வருமானம் தந்த மருத்துவத் தொழிலைக் கைவிட்டார். வருமானத்தை அவரும் இழந்தார்தான். ஆனால் குழந்தைகளுக்காக அல்ல, தாமே தேர்ந்துகொண்ட பணிக்காக. தேவதாசி முறை ஒழிப்பு, குழந்தை மணத் தடை, ஔவை இல்லம் என்று அந்தப் பணி விரிந்தது. காந்தியின் கைதைக் கண்டித்து 1930-இல் பதவி விலகினார்.

1943-இல் சுந்தர ரெட்டி மறைந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்த முத்துலட்சுமி, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி. தாய் வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்போர் இந்த மகனை நினைத்துப் பார்க்கலாம். முத்துலட்சுமி 1968-இல் காலமானார்.

இருவரும் மருத்துவர்கள், வசதியான வீடு. தறித் தொழிலாளியின் குடும்பத்தோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் தந்தை பொறுப்பேற்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. நந்தவனத்தில் கண்டெடுத்த ஆண்டாளைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்தார் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரின் நம்பிக்கை. யசோதையாகத் தம்மைப் பாவித்துக் கண்ணனைத் தாலாட்டியவரும் அவரே.

நம் சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. பெரிய மில்களுக்கு அது பொருந்தும். ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்குப் பொருந்தாது. அத்தகைய பல கூடங்களுக்கும் பொதுவாக ஒரு காப்பகத்தை அரசும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து நடத்தலாம். அதுவரை, பாட்டி இல்லாத வீட்டில் 18,000 ரூபாய் செலவான பிறகும் தாய் தறிக்குத் திரும்ப முடியாது.