இசைத்தட்டின் மறுபக்கம்

புலவர்களை அவர்களுடைய நூல்களாலன்றித் திரட்டுக்களாலேயே அறிந்துகொள்வது நம்மிற் பலருடைய வழக்கம். காளமேகப் புலவரின் சிலேடையும் வசையும் தனிப்பாடற்றிரட்டின் வாயிலாக நமக்கு மனப்பாடம். அவர் பாடிய திருவானைக்காவுலாவை முழுவதும் படித்தவர் சிலரே. திரட்டு தீயதன்று. ஆயினும், திரட்டியவர் விட்டுச் சென்றதை நாம் தேடாதபோது, புலவரின் பாதி முகத்தையே முழு முகமென நம்பிவிடுகிறோம். இப்பிழையை நான் ஒரு பாடகர் விடயத்திற் பல ஆண்டுகள் செய்து வந்தேன்.

அண்மையில், மேனாட்டு இசையில் நாட்டமுள்ள மாணவரொருவர் என்னிடம் வந்து, லெனேட் ஸ்கினேட் என்னும் அமெரிக்கத் தென்னாட்டு றொக் இசைக்குழுவினரின் புகழ்பெற்ற பாடல்களைத் தொகுத்து 1979 இல் வெளியிட்ட ‘கோல்ட் அன்ட் பிளாட்டினம்’ என்ற தொகுப்பு வாங்கத் தகுந்ததா என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அக்குழுவின் தலைவரும் பாடகருமான றொனி வான் சான்றின் வாழ்க்கையிலேதான் அதற்குரிய விடை கிடக்கிறது. ஆதலால் அவ்வாழ்க்கையை இங்கே சுருக்கிக் கூறுகின்றேன்.

அவர் புளோரிடா மாநிலத்து ஜக்சன்வில் நகரில் 1948 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் லொறிச் சாரதி. நகரின் மேற்புறத்திலே, கைகளால் உழைத்து வாழ்வோர் நிறைந்த பகுதியில் அவர் வளர்ந்தார். பேஸ்போல் ஆட்டத்தில் மிக்க விருப்பம். 1964 இல் அவர் அடித்த பந்தொன்று பொப் பேண்ஸ் என்ற சிறுவனின் முதுகிற் பட்டது. அந்த விபத்தே நட்பாகியது. பேண்ஸ், அவருடைய தோழர் கரி றொசிங்ரன், றொனி ஆகிய மூவரும் அன்று மாலையே இசைக்கருவிகளோடு கூடினர் என்பர். அலன் கொலின்ஸ் பின்னர் வந்து சேர்ந்தார். தலைமயிரை நீளமாக வளர்த்த மாணவரைக் கண்டித்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பெயரைக் கேலியாகத் திரித்துத் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். அப்பாடசாலை அந்நாளில் உள்நாட்டுப் போரிலே தென்னாட்டுப் படைக்குத் தலைமை தாங்கிய லீ தளபதியின் பெயரைத் தாங்கியிருந்தது. 2021 இல் அப்பெயரை மாற்ற முடிவு செய்தனர். அவர்கள் வளர்ந்த சூழல் எத்தகையதென்பதை இந்த ஒரு செய்தியே உணர்த்தும்.

கிறீன் கோவ் ஸ்பிறிங்ஸ் என்ற ஊரின் அருகே, ஓடைக்கரையிலே, தகரக்கூரை வேய்ந்த சிறு வீடொன்றில் அவர்கள் நாள்தோறும் பயின்றனர். புளோரிடாவின் வெப்பம் தாங்காது அதற்கு நரக வீடு என்று பெயரிட்டனர். அங்கே றொனியின் கட்டளைக்கு மறுப்பில்லை. ஒரு வரிசை பிசகினால் மீண்டும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அவர் பாடல்களைத் தாளில் எழுதுவதில்லை. எல்லாம் நெஞ்சிலேயே உருவாகும். நினைவில் நில்லாத அடி வைத்திருக்கத் தகுந்ததன்று என்பது அவர் கொள்கை. வாய்மொழியாகவே பாட்டியற்றிய புலவர் மரபொன்றை உடைய நமக்கு இது வியப்பன்று; கிட்டார்களின் பேரொலிக்கு நடுவே அது நிகழ்ந்ததே வியப்பு.

அட்லாண்டா நகரின் மதுச்சாலையொன்றில் அவர்கள் பாடியதைக் கேட்ட அல் கூப்பர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் அவர்களை ஒப்பந்தம் செய்தார். முதலாவது இசைத்தட்டு 1973 இல் வெளிவந்தது. தாய் மகனுக்குக் கூறும் அறிவுரையான ‘சிம்பிள் மான்’, ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் ‘பிறீ பேட்’ ஆகியன அதிலேயே உள்ளன. 1974 இல் இரண்டாவது தட்டான ‘செக்கண்ட் ஹெல்பிங்’ வந்தது. அதன் முதற்பாட்டாகிய ‘சுவீற் ஹோம் அலபாமா’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 8 ஆம் இடத்தை எட்டியது. அலபாமாவைத் தம் இனிய இல்லமெனப் பாடிய இப்பாட்டை இயற்றிய மூவருள் எவரும் அலபாமாவிற் பிறந்தவரல்லர். இருவர் புளோரிடாக்காரர், ஒருவர் கலிபோர்ணியாக்காரர்.

தென்னாட்டின் இனக்கொடுமையைச் சாடி நீல் யங் என்ற பாடகர் முன்னர் இரு பாடல்கள் பாடியிருந்தார். அவற்றுக்கு விடையாகவே இப்பாட்டு எழுந்தது. அலபாமாவின் அன்றைய ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ், கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கும் கொள்கைக்குப் பெயர்போனவர். பாட்டிலே ஆளுநரைப் பற்றிய குறிப்பை அடுத்துப் பின்னணிக் குரல்கள் இகழ்ச்சியொலி எழுப்புகின்றன. அது போதிய கண்டனமா, அன்றா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அக்குழுவினரின் மேடைக்குப் பின்னாலே அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடி தொங்கியது. கூட்டம் அக்கொடியைக் கண்டு ஆரவாரித்தது.

என் கையிற் கிடைத்தது தொகுப்பு மட்டுமே. அதிலே 16 பாடல்கள். ‘செக்கண்ட் ஹெல்பிங்’ தட்டிலிருந்து எடுக்கப்பட்டது அலபாமாப் பாட்டு ஒன்றுதான். அதையும், கொடியின் படத்தையும், குடியும் கைகலப்பும் பற்றிய கதைகளையும் சேர்த்து வைத்து, செருக்கு மிகுந்த ஒரு தென்னாட்டு வீம்பர் என்று அவரை நான் முடிவு கட்டினேன். வகுப்பிலும் ஒருமுறை அவ்வாறே கூறினேன். மாணவர் எழுதிக்கொண்டனர்.

பிற்காலத்தில் நண்பரொருவர் வீட்டிலே ‘செக்கண்ட் ஹெல்பிங்’ தட்டைக் கேட்க நேர்ந்தது. தெரிந்த பாட்டோடு முதற்பக்கம் தொடங்கியது. நண்பர் தட்டைத் திருப்பினார். மறுபக்கத்தின் முதற்பாட்டு, கேட்டிஸ் லோ என்பவரைப் பற்றிய கதைப்பாட்டு. வெறும் போத்தல்களைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கும் ஒரு சிறுவன், நரைத்த சுருண்ட தலைமயிருடைய கறுப்பினக் கிழவர் ஒருவரிடம் அக்காசைக் கொடுத்து அவருடைய இசையைக் கேட்கிறான். ஊரார் அவரை உதவாக்கரை என்கின்றனர்; சிறுவனுக்கோ அவரைப் போலக் கிட்டார் வாசிப்பவர் வேறு எவருமிலர். வீட்டிலே அடிவாங்கியும் அவன் போவதை நிறுத்தவில்லை. இறுதியில் கிழவர் இறக்கிறார்; அழுது வழிபடுவார் எவருமில்லை. தம் கலையின் ஆசான் யார் என்பதை அந்தப் பாடகர் அந்தக் கொடியின் முன்னேயே நன்றியோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்பாட்டு தொகுப்பில் இல்லை.

அதன்பின் விடுபட்டவற்றைத் தேடினேன். சந்திரனுக்குப் பணம் செலவிட்டு நகரத்து ஏழையை மறந்த அரசைக் கேட்கும் பாட்டு முதல் தட்டில் இருக்கிறது. காடும் வயலும் சீமெந்தால் மூடப்படுவதை எண்ணி இரங்கும் பாட்டு 1976 ஆம் ஆண்டுத் தட்டில் இருக்கிறது. இவையும் தொகுப்பில் இடம்பெறவில்லை. நீல் யங்கையும் அவர் வெறுத்தவரல்லர். 1977 இல் வெளிவந்த தட்டின் உறையிலே நீல் யங்கின் படம் பொறித்த சட்டையோடு அவர் காட்சியளிக்கிறார். நீல் யங்கும், தம் அலபாமாப் பாட்டு அந்த மறுமொழிக்கு உரியதே என்று 2012 இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் ஒப்புக்கொண்டார்.

இதனால் றொனியை நான் மாசற்றவராகக் காட்ட முயலவில்லை. அவர் மிகக் குடித்தார். குடித்த வேளையில் தம் குழுவினர்மீதே கைவைத்தார். கொடியை இறக்க வல்ல தலைமை அவரிடம் இருந்தது, அவர் இறக்கவில்லை. எனினும், 1976 இல் மகள் பிறந்தபின் தம் வாழ்வைத் திருத்த முயன்றார். அவ்வாண்டு றொசிங்ரன் போதையில் மோட்டார் வண்டியை மரத்தில் மோதியபோது, அவரைத் தண்டித்ததோடு, சாவின் நாற்றம் நம்மைச் சூழ்கிறது என்னும் கருத்தமைந்த எச்சரிக்கைப் பாட்டொன்றையும் கொலின்ஸோடு சேர்ந்து இயற்றினார்.

அப்பாட்டு அடங்கிய ‘ஸ்றீற் சேவைவர்ஸ்’ 1977 ஒக்ரோபர் 17 இல் வெளிவந்தது. மூன்று நாட் கழித்து, தென் கரோலினாவின் கிறீன்விலிலிருந்து லூசியானாவின் பற்றன் றூஜ் நகருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற விமானம் எரிபொருள் தீர்ந்து, மிசிசிப்பி மாநிலத்துக் கில்ஸ்பேக் அருகே காட்டில் வீழ்ந்தது. 26 பேரில் அறுவர் மாண்டனர். றொனி, கிட்டார்க் கலைஞர் ஸ்ரீவ் கெயின்ஸ், அவருடைய சகோதரியும் பாடகியுமான கசி ஆகியோர் அவர்களுட் சிலர். றொனிக்கு வயது 29. தட்டின் உறையிலே குழுவினரைச் சூழ்ந்திருந்த தீச்சுவாலைப் படம் பின்னர் நீக்கப்பட்டது. 1987 இல் அவருடைய தம்பி ஜொனியின் தலைமையில் குழு மீண்டும் கூடியது. தொடக்ககாலத்தவருள் கடைசியாக எஞ்சியிருந்த றொசிங்ரன் 2023 இல் மறைந்தார்.

தொகுப்பு வந்தது, பாடகர் இறந்து இரண்டாண்டுகளின் பின். எதை வைப்பது, எதை விடுவது என்று சொல்ல அவர் இல்லை. எனினும் தொகுத்தவர்களை நான் குறைகூறேன். ‘சிம்பிள் மான்’ அதில் உண்டு. கைத்துப்பாக்கியைக் கண்டிக்கும் பாட்டு உண்டு. எச்சரிக்கைப் பாட்டும் உண்டு. கூர்ந்து கேட்டிருந்தால் அவற்றிலேயே அம்மனிதரை நான் கண்டிருக்கலாம். கூட்டம் கேட்டதை மட்டுமே நானும் கேட்டேன். குற்றம் என் செவியினது.

ஆகவே, மாணவருக்கு நான் அளித்த விடை இதுதான். தொகுப்பு வாங்கத் தகுந்ததே. கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத பாடல்கள் அதில் உள்ளன. ஆனால் ஒன்றுக்கே பணம் உண்டாயின், ‘செக்கண்ட் ஹெல்பிங்’ தட்டை வாங்குக. அலபாமாப் பாட்டும் கேட்டிஸ் லோவும் ஒரே தட்டின் இரு பக்கங்களுக்கும் தலைப்பாடல்களாக நிற்பது அங்கேதான். இறுவட்டாக வாங்கினால் ஐந்தாம் பாட்டுவரை பொறுத்திருக்க. வகுப்பிலே நான் சொன்னதை எழுதிக்கொண்ட பழைய மாணவர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த வரியை அடித்துவிடும்படி அவரையும் கேட்டுக்கொள்கிறேன்.